கலைமதி டம்ளர்

ஏரியூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் அந்த இடத்துக்கு வழி சொல்வார்கள். "ஒலிம்பிக்குக்கா போறீங்க?" என்று கேட்பார்கள், என்னவோ ஒலிம்பிக் என்பது பால் சொசைட்டிக்குப் பின்னால் இருக்கும் சந்து மாதிரி. உண்மையில் ஒலிம்பிக்குக்கும் அந்த இடத்துக்கும் இருந்த ஒரே சம்பந்தம் நுழைவாயிலில் நின்ற ஐந்து சிமெண்ட் வளையங்கள்தான். அதிலும் ஒன்று ஏதோ ஒரு ஆடிக்காற்றில் விழுந்துவிட, நாலுதான் மிச்சம். அங்கே ஓடிய பிள்ளைகளில் ஒன்றுகூட ஒலிம்பிக் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. இருந்தாலும் பெயர் ஒலிம்பிக் பார்க். பல வருடங்கள் பூட்டிக் கிடந்து வேலிக்கருவை மண்டிப்போன அந்த இடத்தை இப்போது ஒரு டிரஸ்ட் தூசி தட்டி எடுத்திருக்கிறது. பழைய விடுதிக் கட்டடத்தில் பார்க்கின் வரலாற்றைச் சொல்லும் மியூசியம். அதற்குப் பின்னால் புது விடுதி, மறுபடியும் ஓட்டப் பயிற்சி.

இத்ரீஸ் கடத்தூரிலிருந்து தன் பழைய ஆம்னி வேனை ஓட்டிக்கொண்டு வந்தான். கடத்தூர் கடைவீதியில் செருப்புக் கடை வைத்திருப்பவன். மகள் சமரீன் மாவட்டப் போட்டியில் எண்ணூறு மீட்டரில் முதலாவதாக வந்ததிலிருந்து அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. செருப்பு வாங்க வருகிறவர்களின் பாதத்தை விட்டுவிட்டு மகளின் பாதத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். டிரஸ்ட் கடத்தூர் மைதானத்தில் நடத்திய பயிற்சி முகாமுக்கும் அவளை அனுப்பிவைத்தான். பக்கத்தில் அவன் மனைவி வஹிதா வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்சீட்டில் சமரீன். அவளோடு ஒரு பெட்டி, ஒரு வாளி, சுருட்டிக் கட்டிய பாய். மியூசியத்தைச் சுற்றிக் காட்டி முடித்ததும் பெற்றவர்கள் சம்மதம் சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் பிள்ளை இன்றைக்கே விடுதியில் தங்கிவிடும். எப்படியாவது மகளைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது ஒன்றுதான் வஹிதாவின் நினைப்பு. என்ன சொல்லிக் கூட்டிப்போவது என்பதுதான் தெரியவில்லை.

காரணத்தை அவளால் வெளியே சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முன்பு, இப்போது சமரீனுக்கு ஆகிற வயதில், வஹிதா இதே பார்க்கில் தங்கி ஓடியவள். இத்ரீஸுக்கு இது தெரியாது. ஒரு சித்திரை மாதம் அங்கே ஒரு பெண் செத்துப்போனாள். மறுநாளே வஹிதாவின் அப்பா நூர் பாஷா வந்து மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கிருஷ்ணகிரியில் சித்தி வீட்டில் தையல் படித்தாள் என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவைத்தார்கள். மைதானத்தில் ஓடிய பெண், அதுவும் சாவு நடந்த இடத்தில் ஓடிய பெண் என்றால் சம்பந்தம் பேச யார் படியேறுவார்கள்? அந்தப் பொய்யையும் சேர்த்துத்தான் அவளை இத்ரீஸுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இன்றுவரை அவள் ஒரு கிழிசலைக்கூட ஒழுங்காகத் தைத்ததில்லை. அவனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அப்போது அங்கே ஓட்டப் பயிற்சி கொடுத்த வீரமணி மாஸ்டர் செத்துப்போய்விட்டார் என்று எப்போதோ அவள் காதில் விழுந்திருந்தது. டிரஸ்ட் புதிது, ஆட்கள் புதியவர்கள். அந்த ஒரு தைரியத்தில்தான் வேனில் ஏறினாள்.

முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் சண்டை. படிப்பு கெட்டுப்போகும், விடுதி வேண்டாம் என்றாள் வஹிதா. சமரீன் குதிகுதியென்று குதித்தாள்.

"ஒனக்கு என்ன தெரியும் அம்மி? நீ ஒரு நாளாச்சும் ஓடியிருக்கியா? பஸ்ஸப் புடிக்கக்கூட ஓட மாட்ட!"

வஹிதா வாயைத் திறக்காமல் பாத்திரம் கழுவினாள். காலையிலிருந்து சமரீனும் வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் அது சாதாரண விஷயமில்லை. மூச்சுக்கு முந்நூறு வார்த்தை பேசுகிற பெண் அவள். பள்ளிக்கூடத்தில் நடந்ததை மதியம் ஒரு தடவையும் சாயங்காலம் ஒரு தடவையும் சொல்வாள், இரண்டாவது தடவை கொஞ்சம் மசாலா சேர்த்து. அவள் வாய் மூடியிருந்த வேனில் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது.

வஹிதாவுக்கு இன்னொரு விஷயமும் மனசில் ஓடியது. அன்று விடியும் முன்பே சமையலறையில் விளக்கு எரிந்தது, குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சமரீன் நோன்புக்குச் சாப்பிட எழுந்திருக்கிறாள் என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ரம்ஜான் போன மாதம்தான் முடிந்தது. மாதவிலக்கு நாட்களில் விட்டுப்போன நோன்பைப் பெண்கள் பிற்பாடு ஒவ்வொன்றாக வைத்து முடிப்பார்கள். அதை அப்பனுக்கு முன்னால் யாரும் சொல்லிக்கொள்வதில்லை. நோன்பா என்று கேட்டாலே எதற்கு வைக்கிறாள் என்பது விளங்கிவிடும். தாயும் மகளும் கண்ணாலேயே பேசி முடித்துக்கொள்ளும் சங்கதி அது.

பார்க் வாசலில் வேன் நின்றதுமே மஞ்சள் டி-சர்ட் போட்ட ஒரு பெண் ஓடிவந்தாள். வழிகாட்டி அவள்தான், பெயர் சுகுணா. சிரித்த முகம், மனப்பாடம் செய்த பேச்சு.

"வாங்க வாங்க. புள்ளைங்களுக்கு டி-சர்ட் மாத்தணுங்க, நான் கூட்டிட்டுப் போறனுங்க. நீங்க நெழல்ல நில்லுங்க."

பெற்றோர்கள் வேப்பமரத்தடியில் நின்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் மஞ்சள் டி-சர்ட்டில் வரிசையாக வந்தார்கள். எல்லாம் பெண் பிள்ளைகள். ஒருத்தியும் பேசவில்லை. அந்த வயதுப் பெண்கள் நாலு பேர் சேர்ந்தால் அந்த இடம் எப்படி இருக்கும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். இங்கே வேப்பமரத்துக் காக்கை கத்துவது தெளிவாகக் கேட்டது.

"பாத்தியா ஒழுக்கத்த?" என்றான் இத்ரீஸ், வாயெல்லாம் பல்லாக.

சுகுணா பெரியவர்களுக்கு மோர் கொடுத்தாள். இத்ரீஸ் தன் டம்ளரை மகளிடம் நீட்டினான். "குடிம்மா, வெயிலப் பாரு." சமரீன் தலையை ஆட்டி மறுத்தாள். அவன் விடவில்லை. அவள் ஒரு நொடி அம்மாவைப் பார்த்தாள். வஹிதாவுக்கு அந்தப் பார்வை புரிந்துவிட்டது, புரிந்துவிட்டதாக நினைத்தாள்.

"வுடுங்க. காலைலருந்து அவளுக்கு வயிறு சரியில்ல," என்று சொல்லி டம்ளரைத் தானே வாங்கிக் குடித்தாள். நேற்று அவ்வளவு பேச்சுப் பேசிய மகளை இன்று ஒரு சின்னப் பொய் சொல்லிக் காப்பாற்றியதில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

பக்கத்தில் நின்ற மனிதர் தானாகவே பேச்சுக் கொடுத்தார். பெயர் ஆண்டி, ஏரியூருக்குப் பக்கத்தில் விவசாயம். மகள் பாரதியைச் சேர்க்க வந்திருக்கிறார்.

"எம்புள்ளயும் வேணாங்குதுங்க. வூட்டுல கொடங்கொடமா குடிக்கும். இங்க வந்ததும் எப்படி அடங்கிடுச்சு பாருங்க," என்றார். அதில் பெருமையும் இருந்தது, சின்ன சந்தேகமும் இருந்தது. சந்தேகத்தை மோரோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

மியூசியத்தின் முதல் அறையில் போட்டோக்கள். நடுவில் தெர்மாகோலில் செய்த பார்க். ஓடுபாதை, நீச்சல்குளம், சுற்றிலும் குண்டூசியில் குத்திய உலகக் கொடிகள். அந்த நீச்சல்குளத்தில் ஒருநாளும் தண்ணீர் நின்றதில்லை, வஹிதா இருந்தபோது அதில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. சுகுணா சொல்லச்சொல்ல எல்லோரும் தலையாட்டினார்கள். கனவு என்றாள், தியாகம் என்றாள், கிராமத்துப் பிள்ளைகளின் பொற்காலம் என்றாள். ஏன் மூடினார்கள் என்பதைப் பற்றி மட்டும், "சில காரணங்களால" என்று ஒரு வார்த்தையில் தாண்டிப்போனாள்.

சுவரில் எல்லாவற்றுக்கும் மேலே பெரிய போட்டோ. கழுத்தில் விசில், ஒட்ட வெட்டிய முடி, சிரிக்காத வாய். வஹிதா முதலில் பார்த்தது முகத்தை அல்ல. படத்துக்கு மாலை போட்டிருக்கிறதா, பொட்டு வைத்திருக்கிறதா என்றுதான் பார்த்தாள். இரண்டும் இல்லை.

"மாஸ்டர்..." என்று ஆரம்பித்தாள்.

"மேல ரூம்ல இருக்காருங்க. கடைசி ஹாலுக்கு அவரே வருவாருங்க. புள்ளைங்களுக்கு இன்னமும் அவருதான் டிரெய்னிங்," என்றாள் சுகுணா.

 வஹிதா இத்ரீஸின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "போலாங்க. எனக்கு ஒடம்பு என்னமோ பண்ணுது. புள்ளயக் கூட்டிட்டு வூட்டுக்குப் போலாம்."

"வந்த கால் ஆறல, அதுக்குள்ளயா? நேத்து போட்ட சண்டயே போதும் வஹிதா. புள்ள ஆசைல மண்ணப் போடாத," என்று அவன் குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு நடந்தான்.

அடுத்த அறை பழைய படுக்கைக் கூடம். அதை அப்படியே வைத்திருந்தார்கள். இரும்புக் கட்டில்கள், ஒவ்வொரு கட்டில் ஓரத்திலும் ஜவுளிக்கடைப் பெண் பொம்மை ஒன்று, மஞ்சள் டி-சர்ட்டோடு. பொம்மைகளின் உதட்டை மட்டும் புதிதாகப் பெயிண்ட் அடித்து ஒட்ட மூடியிருந்தார்கள். இத்ரீஸ் சிரித்தான். "நம்ம கடைவீதில சேல கட்டி நிக்கற பொம்மைங்க! ஓட வந்துடுச்சுங்க!" யாரும் சிரிக்கவில்லை. பொம்மைகளுக்குப் பக்கத்தில் மஞ்சள் டி-சர்ட்டில் நின்ற பிள்ளைகளும் சிரிக்கவில்லை. எது பொம்மை எது பிள்ளை என்று கண் ஒரு நொடி தடுமாறியது.

மூலையில் தண்ணீர்க் குழாய். அதன் கழுத்தில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. துரு ஏறாத பூட்டு, எண்ணெய் போட்டுத் துடைத்த பூட்டு.

"இது பழசா?" என்று கேட்டார் ஆண்டி.

"பழைய முறைங்க. புது ஹாஸ்டல்லயும் அதே முறைதான். தண்ணிக் கட்டுப்பாடு இருந்தாத்தான் மூச்சுக் கட்டுப்பாடு வருமுங்க," என்றாள் சுகுணா, மனப்பாடம் பிசகாமல்.

வஹிதா ஜன்னல் பக்கம் போனாள். வெளியே மைதானம் வெந்துகொண்டிருந்தது. அந்தக் கோடியில் கொடிக்கம்பம். கம்பத்துக்குக் கீழேதான் கலைமதி விழுந்தாள். வத்தல்மலைப் பெண். வஹிதாவுக்கு அடுத்த கட்டில். ஊரிலிருந்து அவள் அம்மா கொடுத்தனுப்பும் சாமை முறுக்கைப் போர்வைக்குள் உடைத்து இரண்டு பேரும் சத்தம் வராமல் வாயில் ஊறவைத்துத் தின்பார்கள். மலையில் ஏறி இறங்கிய கால், காற்றாகப் போவாள். வஹிதா அவளுக்குப் பின்னால்தான் வருவாள், அதில் பொறாமையே வந்ததில்லை. அவ்வளவு பிடிக்கும் அவளை. இத்தனை வருடத்தில் அவள் பெயரை வஹிதா வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

திடீரென்று விசில் சத்தம் கேட்டது. நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். மஞ்சள் வரிசை முழுவதும் சட்டென்று விறைத்து நின்றது, சமரீன் உட்பட.

"நீ ஏன் இப்படி நிக்கற?" என்றான் இத்ரீஸ், ஆச்சரியமாக.

வஹிதா குனிந்து பார்த்தாள். அவளுடைய குதிகால்கள் இரண்டும் ஒட்டியிருந்தன. கைகள் தொடையோடு ஒட்டியிருந்தன. அவள் நிற்கச் சொல்லவில்லை, உடம்பு தானாக நின்றிருந்தது.

கடைசி ஹாலில் சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. அதில் எவர்சில்வர் டம்ளர்கள். நம் ஊரில் கல்யாணச் சீருக்கும் பிறந்தநாளுக்கும் பாத்திரக் கடையில் புள்ளிப்புள்ளியாகப் பேர் வெட்டித் தருவார்களே, அதுபோல ஒவ்வொன்றிலும் ஒரு பேர். எல்லா டம்ளரிலும் உள்பக்கம் ஒரு கோடு. நடுவில் சிவப்பு வெல்வெட் விரித்து ஒற்றை டம்ளர் மட்டும் தனியாக. அதற்குக் கீழே அச்சடித்து வைத்திருந்தார்கள்: 'காய்ச்சலால் மறைந்த வீராங்கனை கலைமதியின் டம்ளர். ஆண்டுதோறும் ஒழுக்கத்தில் சிறந்த மாணவிக்கு இவர் பெயரால் விருது.'

வஹிதா அதை இரண்டு தடவை படித்தாள். காய்ச்சலா?

இந்த டம்ளர்களுக்கு என்ன வேலை என்று அவளுக்குத் தெரியும். ஓடுவதற்கு முன்னால் மாஸ்டர் ஒவ்வொருத்தி வாயிலும் ஒரு வாய் தண்ணீர் ஊற்றுவார். விழுங்கக் கூடாது. மூக்கால் மட்டும் மூச்சு விட்டு ஓடி முடித்து, அந்தத் தண்ணீரை அவரவர் டம்ளரில் துப்பவேண்டும். கோடு வரைக்கும் வரவேண்டும். குறைந்தால் விழுங்கிவிட்டாள் என்று அர்த்தம், மறுபடியும் ஓடவேண்டும். வஹிதாவுக்கு அது கஷ்டமாகவே இருந்ததில்லை. நோன்பு நாட்களில் தொழுகைக்கு முன்பு வாய் கொப்பளித்து, ஒரு சொட்டும் உள்ளே போகாமல் துப்பிப் பழகிய வாய். 'நோன்புப் புள்ளயப் பாத்துக் கத்துக்குங்க' என்று மாஸ்டர் மற்றவர்களிடம் சொல்வார். கலைமதிக்கு அது வரவே இல்லை. தாகம் தாங்காமல் விழுங்கிவிடுவாள், மறுபடி ஓடுவாள், மறுபடி விழுங்குவாள். அந்தச் சித்திரை மத்தியானம் அவளை மட்டும் தனியாக ஓட விட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் கொடிக்கம்பத்தடியில் விழுந்தாள். எல்லோரும் ஓடிப்போய்த் திருப்பிப் போட்டார்கள். வாயிலிருந்து தண்ணீர் வழிந்தது. உள்ளே போன மூச்சு வெளியே வரவில்லை. மாஸ்டர் குனிந்து அந்தத் தண்ணீரைப் பார்த்தார். "விழுங்கல," என்றார். அவர் குரலில் இருந்தது துக்கம் இல்லை. பெருமை.

அந்தக் குரல் இப்போதும் காதில் கேட்டது. கேட்டதும் வஹிதா சட்டென்று திரும்பி மகளைப் பார்த்தாள்.

சமரீன் வரிசையில் நின்றாள். உம்மென்று இருந்த முகம். காலையிலிருந்து கோபம் என்று நினைத்த முகம். இரண்டு கன்னமும் லேசாக உப்பியிருந்தன. மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. பக்கத்தில் பாரதிக்கும் அப்படித்தான். அந்த வரிசை முழுக்க அப்படித்தான்.

நோன்பும் இல்லை, கோபமும் இல்லை. விடியற்காலையில் கேட்ட குழாய்ச் சத்தம் சாப்பாட்டுக்கு அல்ல, பழகுவதற்கு. கடத்தூர் மைதானத்துப் பயிற்சி முகாமிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். மோர் டம்ளரை மறுத்துவிட்டு அவள் பார்த்த பார்வைக்குத் தானே அர்த்தம் கற்பித்து, தானே பொய் சொல்லி, தானே அந்த மோரைக் குடித்ததை நினைத்தபோது வஹிதாவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

வரிசைக்குள் புகுந்து மகளின் தோளைப் பிடித்தாள். "விழுங்கு சமரீன்."

சமரீன் தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

"அம்மி சொல்றன்ல, விழுங்கிடு. இல்லன்னா துப்பு."

சமரீன் ஒரு அடி பின்னால் போனாள். அவள் கண் அம்மாவைப் பார்க்கவில்லை, மாடிப்படியைப் பார்த்தது. படியில் யாரோ இறங்கி வரும் சத்தம்.

வீரமணி மாஸ்டருக்கு வயதாகியிருந்தது, முடி வெளுத்திருந்தது, அவ்வளவுதான் மாற்றம். கழுத்தில் அதே விசில். பெற்றவர்களைப் பார்த்துக் கும்பிட்டார். குரல் பஞ்சு மாதிரி மென்மையாக இருந்தது, எப்போதும் போல.

"ஒங்க புள்ளைங்க இவ்வளவு நேரமா ஒரு வார்த்த பேசலியே, கவனிச்சீங்களா? வாயில தண்ணி இருக்குதுங்க. இந்த வெயில்ல, தாகத்துல, வாயில தண்ணிய வெச்சிக்கிட்டு விழுங்காம நிக்கறாங்க. இதவிடவா ஒலிம்பிக்கு? இப்ப பாருங்க."

பாரதி முன்னால் வந்து தன் பேர் வெட்டிய புது டம்ளரில் துப்பினாள். தண்ணீர் கோட்டைத் தொட்டது. பெற்றவர்கள் கைதட்டினார்கள். ஆண்டியும் தட்டினார், கொஞ்சம் தாமதமாக.

"இந்த வருசம் கலைமதி டம்ளர் யாருக்குன்னு நான் முன்னாடியே முடிவு பண்ணிட்டனுங்க," என்றார் மாஸ்டர். "கடத்தூர்ப் புள்ள சமரீன். முகாம்ல ஒரு நாளும் கோடு கொறஞ்சதில்ல."

இத்ரீஸின் முகம் மலர்ந்தது. மாஸ்டர் காட்டிய அலமாரித் தட்டை எட்டிப் பார்த்தான். 'சமரீன்' என்று வெட்டிய புது டம்ளர். பெட்டியில் வைக்கச் சொன்னார்கள் என்று போன வாரம் அவனே பாத்திரக் கடையில் நின்று வெட்டி வாங்கியது; டி-சர்ட் மாற்றப் போனபோது அவள் கையோடு எடுத்துப் போயிருக்கிறாள். அதற்கு ஒட்டினாற்போல ஒரு பழைய டம்ளர். அதில் இருந்ததை அவன் உதடு அசையப் படித்தான்.

"நூர் பாஷா மகள் வஹிதா." அவன் திரும்பினான். "மாமா பேரு... வஹிதா, இது யாரோடது?"

மாஸ்டர் முதல் தடவையாக வஹிதாவை நேராகப் பார்த்தார். கண்ணை இடுக்கினார். பிறகு அந்தச் சிரிக்காத வாய் லேசாக விரிந்தது.

"அட, நோன்புப் புள்ள! அதான பாத்தன். இது கத்துக்கிட்டு வர்றதில்லீங்க. ரத்தத்துல வர்றது."

ஹாலில் எல்லோர் கண்ணும் அவள் மேல் இருந்தது. இத்தனை வருடம் கட்டிக்காத்த பொய் கண்ணாடிக்குள் பளபளவென்று நின்றுகொண்டிருந்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது?

"நான் இங்கதாங்க ஓடுனன்," என்றாள் இத்ரீஸிடம்.  "தையலும் இல்ல, சித்தி வூடும் இல்ல. கலைமதி காய்ச்சல்ல சாவல. இதோ நிக்கறாரே, இவர் வாயில தண்ணியக் குடுத்து ஓட வுட்டு ஓட வுட்டுச் சாவடிச்சாரு. எங்கண்ணு முன்னால. செத்தப்பறம் வாயிலருந்து தண்ணி வந்துச்சு. விழுங்கலன்னு சந்தோசப்பட்டாருங்க இவரு!"

கைதட்டிய கைகள் அப்படியே நின்றன. ஆண்டி மாஸ்டரைப் பார்த்தார். "ஏனுங்க மாஸ்டர், அந்தம்மா சொல்றது..."

"பயந்துக்கிட்டு ஓடிப்போன புள்ளைங்க அப்படித்தான் சொல்லுமுங்க," என்றார் மாஸ்டர், குரல் உயராமல். "காய்ச்சலுங்க. அந்தப் புள்ளயோட ஆத்தா அப்பனே ஒத்துக்கிட்டாங்க. நீங்க கேக்க வேண்டியத ஒங்க புள்ளயக் கேளுங்க. பாரதி, வூட்டுக்குப் போறயா கண்ணு?"

பாரதி இல்லை என்று தலையாட்டினாள். தண்ணீரைத் துப்பி முடித்தும் அவள் வாய் திறக்கவில்லை. ஆண்டி மகளைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"சமரீன், வா," என்றார் மாஸ்டர்.

சமரீன் அடி எடுத்து வைத்தாள். வஹிதா பாய்ந்தாள். சின்ன வயதில் காய்ச்சல் மருந்து ஊற்றும்போது செய்வாளே, அதேபோல ஒரு கையால் மகளின் பிடரியைப் பிடித்து மறு கையால் மூக்கை அழுத்திப் பிடித்தாள். சமரீன் திமிறினாள். பதினாறு வயது ஓட்டக்காரியின் பலம். முகம் சிவந்தது, கண் பிதுங்கியது, நகம் அம்மாவின் மணிக்கட்டைக் கீறியது. அப்போதும் வாய் திறக்கவில்லை. ஒரு கணம் வஹிதாவுக்கு உயிரே போய்விட்டது. இந்தப் பிள்ளை திறக்காது, இப்படியே கையிலேயே போய்விடும், ஆனாலும் திறக்காது என்று தோன்றியது. இத்ரீஸ், "வஹிதா! வுடு!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான்.

அவன் வந்து சேர்வதற்குள் வாய் வெடித்தது. தண்ணீர் வஹிதாவின் முகத்திலும் தரையிலும் தெறித்தது. சமரீன் குனிந்து இருமினாள், இரைத்தாள். பிறகு தரையில் கிடந்த தண்ணீரைப் பார்த்து, செத்த வீட்டில் அழுவது போல ஓவென்று அழுதாள்.

இத்ரீஸ் மகளைப் பார்த்தான். அந்தத் தண்ணீரைப் பார்த்தான். அவன் கெட்டிக்காரன் இல்லை, ஆனால் தன் பிள்ளை எதற்கு அழுகிறது என்பது அவனுக்கு விளங்கியது. மூச்சு முட்டியதற்கு அழவில்லை. தண்ணீர் கொட்டியதற்கு அழுகிறாள்.

"வண்டில ஏறு," என்றான். அவள் நகரவில்லை. தூக்கிக்கொண்டு போனான்.

யாரும் தடுக்கவில்லை. அதுதான் வஹிதாவுக்கு அதிகமாகப் பயமாக இருந்தது. மாஸ்டர் வாசல்வரை வந்து நின்றார். "அவளே வருவாளுங்க," என்றார், ஆறுதல் சொல்வது போல. நாலு வளையங்களின் நிழல் மண்ணில் விழுந்து கிடந்தது. வேன் அதன் மேல் ஏறி வெளியே வந்தது.

வேன் ஏரியூரைத் தொட்டது. கிருஷ்ணகிரிச் சித்தியைப் பற்றி இத்ரீஸ் ஏதாவது கேட்பான் என்று வஹிதா காத்திருந்தாள். கேட்கிற நாள் வரும். அவன் ஒரு பெட்டிக்கடை முன்னால் வேனை நிறுத்தி, ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி, மூடியைத் திருகி மகளிடம் நீட்டினான்.

"குடிம்மா. காலைலருந்து ஒண்ணும் குடிக்கல நீ."

சமரீன் அழுது ஓய்ந்திருந்தாள். பாட்டிலை வாங்கினாள். அண்ணாந்து வாய் நிறைய ஊற்றிக்கொண்டு பாட்டிலை அப்பாவிடமே திருப்பிக் கொடுத்தாள். இத்ரீஸுக்கு நிம்மதி வந்தது, வேனைக் கிளப்பினான்.

வஹிதா சீட்டில் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். மகளின் தொண்டையையே பார்த்தாள். "விழுங்கு கண்ணு," என்றாள் மெதுவாக. சமரீன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பென்னாகரம் வந்தது, பென்னாகரம் போனது. அந்தத் தொண்டை அசையவே இல்லை.